புல் முளைத்தால் மேய்ச்சல் நிலமா? ஒரு நிபந்தனையைப் பற்றிச் சில விமர்சனங்கள்

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் வீடு கட்டிய மனை தெருவை விடப் பள்ளம். அதை நிரப்ப ஏழு லோடு கிராவல் அடித்தோம். "நல்லா கெட்டிப்படும் சார், இறங்காது" என்றார் மேஸ்திரி. அது எங்கிருந்து வருதுன்னு அப்போ கேட்கத் தோணல. சில வருஷம் கழித்து உத்திரமேரூர் பக்கம், கைவிடப்பட்ட ஒரு கிராவல் குழியின் ஓரம் நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

பெரிய ஆழம் இல்லை, இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஆனால் நாலு பக்கமும் செங்குத்தான சுவர். பொக்லைனும் டிப்பர் லாரியும் ஓடி ஓடி அடித்தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு மூலையில் கலங்கல் தண்ணி, சுற்றிலும் சீமைக்கருவேலம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "உள்ள ஓட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "எறங்குனா ஏறாது தம்பி. அப்படியே ஏறுனாலும் உள்ள என்ன இருக்கு, கருவேலங்காயைத் தவிர?" என்றார்.

இந்த மாதிரிக் குழிகளைத் திரும்பப் புல்நிலமாக்கச் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கு. 2020 ஜனவரி 8 அன்று, காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒடிசாவின் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. எட்டே நாளில், ஜனவரி 16 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைச் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான நிபந்தனையாக்கிச் சுற்றறிக்கை விட்டது. சாரம் இதுதான்: சுரங்க வேலை நின்ற பிறகு, குத்தகைதாரர் தோண்டிய இடத்திலும், அந்த வேலையால் குலைந்த மற்ற இடங்களிலும் மீண்டும் புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரக்கூடிய நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும். 2012-ல் தீபக் குமார் வழக்கின் தீர்ப்பு, 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைகளையும் சுற்றுச்சூழல் அனுமதிக்குள் கொண்டுவந்திருந்தது. அதனால் இரும்புச் சுரங்கத்துக்காகப் பிறந்த இந்த வாக்கியம் நம்ம ஊர் கிராவல் குவாரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் பாராட்டிவிடுகிறேன். நம்ம சுற்றுச்சூழல் ஆவணங்களில் பசுமை என்றாலே மரக்கன்றுதான். வேம்பு, புங்கன் இத்தனை, ஒரு போட்டோ, முடிந்தது. அங்கே "தீவனம்" என்ற சொல் வருவதே அபூர்வம். அந்தச் சொல் நிலத்தை மாட்டின் கண்ணால் பார்க்கிறது. அது வரைக்கும் சந்தோஷம்.

என் முதல் குறை, அந்த "பிறகு". மேய்ச்சல் நிலத்தின் உயிர் மேல்மண்ணில் இருக்கு. ஒரு சாண் ஆழம்தான். விதை, வேர், மட்கு, நுண்ணுயிர் எல்லாம் அதற்குள்ளேதான். கிராவல் எடுக்கும்போது முதலில் சுரண்டி எறியப்படுவதும் அதுவே. அதைத் தனியாக, உயரமில்லாத குவியலாக வைத்து, அடியில் கிடக்கும் சரளையோடு கலக்காமல் காப்பாற்றி, முடிந்த பகுதிகளில் உடனுக்குடன் பரப்பிக்கொண்டே போனால்தான் புல்லுக்கு வழி. கடைசி லாரி போன பிறகு புல் வளர்க்கச் சொல்வது, தறியை விற்றுவிட்டுப் புடவை கேட்கிற கதை. பரிசோதனை நடக்க வேண்டியது கடைசி நாளில் அல்ல, முதல் வாரத்தில்.

இரண்டாவது, எல்லாப் பள்ளத்துக்கும் ஒரே வாக்கியம். மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரிகள் இருக்கு. 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் அங்கிருந்து தண்ணி எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. அப்படிப்பட்ட பாறைப் பள்ளத்தில் புல்லைத் தேடுவதில் அர்த்தமில்லை. அதற்கு வேலியும் நீர்த்தேக்கத் திட்டமும்தான் தேவை. ஆழம் குறைந்த கிராவல் குழி வேறு. சுவரைச் சரித்து ஆடுமாடு ஏறி இறங்கும் சாய்வாக்கலாம். இறுகின தரையை உளிக்கலப்பையால் பிளக்கலாம். செய்ய முடிந்த இடத்தையும் முடியாத இடத்தையும் ஒரே வரியில் போட்டால், முடியாததைக் காட்டி முடிந்ததையும் தட்டிக்கழிக்க வசதியாகிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். புல் முளைப்பதும் மேய்ச்சல் நிலமாவதும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதை தூவி, மழைக்குப் பிறகு பச்சையாகப் படம் எடுத்து அனுப்பலாம். சித்திரை வெயிலில் அதே இடத்தைப் போய்ப் பார்க்கணும். பிரிட்டன் 1981-லேயே இதற்கென ஒரு கனிமச் சட்டம் போட்டது. மண்ணைத் திரும்பப் பரப்புவது ஒரு கடமை. அதன் பிறகு ஐந்து வருஷம் வரை நிலத்தைப் பராமரிப்பது தனிக் கடமை என்று நிபந்தனை போட அது வழி செய்தது. நம்ம வாக்கியத்தில் அந்த ஐந்து வருஷம் இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள பிரிட்டன் வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்க. நம்மை விட மழை குறைந்த, சரளை கலந்த மண். அதிலும் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரத்தை விட்டு, காங்கேயம் மாடுகளைத் தலைமுறைகளாக மேய்க்கிறார்கள். அங்கே புல் நிற்பதற்கு விதை மட்டும் காரணமில்லை. மாட்டை எப்போ விடணும், எப்போ தடுக்கணும், நிலத்துக்கு எப்போ ஓய்வு கொடுக்கணும் என்று முடிவெடுக்க ஒரு ஆள் இருக்கார். கொரங்காடு தனியார் நிலம், அதனால் அது சாத்தியம். நம்ம பக்கத்துப் புறம்போக்குக் குழியில் அந்த ஆள் யார்? குத்தகைதாரர் போய்விடுவார். மேய்ப்பவரை யாரும் கேட்பதில்லை. மேய்க்கால் புறம்போக்கு என்ற வகை வருவாய்க் கணக்கில் பழையது. ஆனால் புல்லைத் திரும்ப வளர்க்கச் சொல்லும் நிபந்தனை, மேய்கிற உரிமையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. பரந்தூர் விமான நிலையம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஏரிகளும் வயல்களும் உள்ள அந்த நிலத்தை மேடாக்கிச் சமப்படுத்த எங்கிருந்தாவது மண் வந்தாகணும். இனிமேல் தோண்டப்போகும் குழிகளுக்காவது அனுமதிக் காகிதத்தில் மூன்று விஷயம் சேர்க்கலாம்: மேல்மண் குவியல் எங்கே என்று வரைபடத்தில் குறிக்கணும், ஐந்து வருஷப் பராமரிப்புக்கான பணத்தை முன்கூட்டியே கட்டணும், நிலம் தயாரா இல்லையா என்று சொல்லும் இடத்தில் அந்த ஊரில் ஆடுமாடு வைத்திருப்பவர்களும் இருக்கணும்.

அந்தப் பெரியவர் சொன்னதே நல்ல சோதனை. ஆடு இறங்கணும், மேயணும், ஏறி வரணும். என் வீட்டுத் தரை இதுவரை இறங்கவில்லை, மேஸ்திரி சொன்னது சரிதான். அந்த ஏழு லோடு போன குழியில் இன்றைக்கு ஓர் ஆடு ஏறி இறங்க முடியுமா என்பதுதான் நான் கேட்காமல் விட்ட கேள்வி.