தொப்பி யானையும் வேலூர்ச் சுவரும்: ஒரு படைப்பிரிவின் மரபை வாசித்தல்

ராணுவத்தைப் பற்றிப் பேச வரும்போது நாம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறோம். அரசு அதிகாரத்தின் ஆயுதக் கரம், தீர்ந்தது. வாக்கியம் பொய்யல்ல. நானும் கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து ஊருக்குப் போனால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரிக்காரர்கள். அவர் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தொப்பிச் சின்னம் மாட்டியிருக்கிறது. குறுக்காக இரண்டு வாள், ஒரு கேடயம், அதன்மேல் நிற்கும் யானை.

"இந்த யானை எங்கேருந்து வந்துச்சு பெரியப்பா?"

"அது பழைய காலத்துதுடா. மராட்டாக்காரனோட சண்டை. ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க."

"யாருக்காகப் போட்ட சண்டை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கம்பெனிக்காரனுக்குத்தான்" என்றார்.

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் அஸ்ஸாயே என்ற கிராமம். சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் சேர்ந்து நிறுத்திய படையை ஆர்தர் வெல்லெஸ்லி முறியடித்தான். அவனுடைய காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். கம்பெனித் தரப்பில் மட்டும் செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் 1,500க்கு மேல். அந்த வெற்றிக்குக் கிடைத்த விருதுதான் யானை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் ஒரு கொள்கை வகுத்தது. இந்தியாவை அடிமைப்படுத்த நடந்த போர்களின் பெயர்கள் அருவருக்கத்தக்கவை. அவற்றைக் கொடியில் பொறிப்பதில்லை, அந்த நாட்களைக் கொண்டாடுவதுமில்லை. சரி, கொடிக்கு விதி வந்தாயிற்று. தொப்பிக்கு? யானை அங்கேயே நிற்கிறது.

யானை மட்டுமல்ல. படைப்பிரிவின் தலைமையிடம் 1947 முதல் நீலகிரியில் வெலிங்டன். அஸ்ஸாயேயில் ஜெயித்த அதே வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆனவன். பக்கத்துப் படகர் ஊரான ஜெகதளாவின் பேரால் வழங்கிய இடத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் அவன் பேரைச் சூட்டினார்கள். பாசறைக்கு ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர் வைத்தாயிற்று. ஊர்ப்பெயரில் யாரும் கைவைக்கவில்லை.

மரபு என்பதே ஒரு கண்டுபிடிப்பு என்று, ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலைக் காட்டி இங்கேயே நிறுத்திவிடலாம். எனக்கு அது போதவில்லை. இங்கே எதையும் யாரும் இட்டுக்கட்டவில்லை. அஸ்ஸாயே நடந்தது. நடந்தவற்றில் எது முன்னோர் ஆகும், எது ஆகாது என்ற பொறுக்கல்தான் வேலை செய்கிறது. தேசம் உருவாக மறதியும் வேண்டும் என்று 1882இல் ரெனான் பேசினார். படைப்பிரிவுக்கும் அதேதான். என்ன, இங்கே மறதிக்கு ஒரு நிர்வாக முறை உண்டு. அதன் பெயர் எண்.

இந்தப் படைப்பிரிவு தன் பிறப்பை 1758இல் வைக்கிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி மதராசை நெருக்கிக்கொண்டிருந்த வருஷம். சிதறிக் கிடந்த சிப்பாய்க் கூட்டங்களை ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பட்டாலியன்களாகக் கட்டினான். ஆனால் அதன் 9ஆவது பட்டாலியன் இன்னும் பின்னால் போகிறது, 1704க்கு, பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் அரசரின் மெய்க்காவல் படைக்கு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பெருமை அந்த வழியாக வந்து சேர்கிறது. சமஸ்தானப் படைகளை இந்திய ராணுவத்தில் இணைத்தபோது ஏற்பட்ட உறவு இது. வேடிக்கை என்னவென்றால், 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாயின் திருவிதாங்கூர்ப் படையும் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களும் கொல்லத்தில் மோதிக்கொண்டார்கள். மோதிய இரண்டு பேரும் இன்று ஒரே குடும்பப் படத்தில் தாத்தாக்கள்.

படத்தில் இல்லாதவர்கள் வேலூர்க்காரர்கள்.

1805 நவம்பரில் உத்தரவு வந்தது. நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாக வெட்ட வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் இருந்த மூன்று மதராஸ் பட்டாலியன்களின் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69ஆவது ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். திப்புவின் கொடி ஏறியது. அன்றே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தான். அவனோடு வந்ததிலும் மதராஸ் குதிரைப்படை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தல். கடைசியாக, 1, 23 என்ற ரெஜிமென்ட் எண்களைப் படைப்பட்டியலிலிருந்தே அழித்தார்கள்.

செத்தவனை மறுபடி கொல்வதற்கு இது ஒரு வழி. எண் போனால் வாரிசு போச்சு. அஸ்ஸாயேக்கும் வேலூருக்கும் இடையில் மூன்று வருஷம்கூட இல்லை. அதே ராணுவம், அதே சம்பளம், அதே ஊர்ப் பையன்கள். சொன்ன பக்கம் சுட்டவனுக்கு யானை. திருப்பிச் சுட்டவனைத் தேசம் பிற்பாடு எடுத்துக்கொண்டது. இருநூறாவது ஆண்டான 2006இல் அஞ்சல்தலைகூட வெளியிட்டார்கள். அஞ்சல்தலையில் ஏறியவன் தொப்பியில் ஏறவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், நடுகல் ஞாபகம் வருகிறது. செங்கம் வட்டாரத்துக் கல்லில் செத்தவன் பேர் இருக்கும், யாருடைய சேவகன், எந்தத் தொறுவுக்காக என்று இருக்கும். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தியோடு அவனுடைய நாய் கோவிவனுக்கும் பேர் உண்டு. யானையின் கீழே ஒரு பேரும் இல்லை.

பேர் வெட்டிய தூண் ஒன்று மராட்டியத்தில் இருக்கிறது. 1818 ஜனவரி 1, பீமா கோரேகாவ். பேஷ்வா படையோடு மோதிய கம்பெனியின் பம்பாய்ச் சிப்பாய்களில் செத்தவர்களின் பேர்கள். அதில் 22 பேர் 'நாக்' என்று முடிகிற மஹார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். 1941இல் மஹார் ரெஜிமென்ட் எழுப்பப்பட்டபோது அதன் தொப்பியில் அந்தத் தூண் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் எடுத்துவிட்டார்கள். தேசியக் கணக்கில் கோரேகாவும் அருவருக்கத்தக்க வெற்றிதான். யாருக்கு அருவருப்பு? பேஷ்வா ஆட்சியில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. தூணை எடுத்தார்கள், யானையை விட்டுவைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அருவருப்புக்கும் சாதி இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

மதராஸ் படையிலும் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தக் கதவைச் சாத்தியதும் வெள்ளைக்காரன்தான். 1881 முதல் 1885 வரை இங்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் இனிச் சண்டைக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டினான். 'போர் இனம்' என்ற சொல்லாடல் மேலேறியது. பழைய மதராஸ் பட்டாலியன்கள் பலவற்றில் பஞ்சாபிகளை நிரப்பி, பேரையும் மாற்றினார்கள். 1759இல் கரையோரச் சிப்பாய்களின் 3ஆவது பட்டாலியனாகத் தொடங்கியது 1903இல் 62ஆவது பஞ்சாபிகள் ஆனது. அந்த வழி இன்று பாகிஸ்தான் ராணுவத்தில் இருக்கிறது. மிச்சமிருந்த மதராஸ் பட்டாலியன்களை 1920களில் கலைத்தார்கள். உலகப்போருக்கு ஆள் வேண்டியிருந்தபோது 1941இலிருந்து மறுபடி கட்டி, பர்மாவுக்கு அனுப்பினார்கள். இடையறாத மரபு என்பதன் நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டை.

படைப்பிரிவின் குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. தன் தர்மத்தில் சாவதே மேல் என்பது பொருள். 'கடமை' என்று மென்மையாக மொழிபெயர்ப்பார்கள். அடுத்தவன் தர்மம் ஆபத்து என்று அதே சுலோகம் தொடர்வதைச் சொல்ல மாட்டார்கள். ஸ்வதர்மத்தை அப்படியே கடைப்பிடித்திருந்தால் பெரியப்பா துப்பாக்கி தூக்கியிருக்க முடியாது. "ஊருக்குள்ள டேய்னு கூப்ட்டவன், லீவுல போனப்ப வாங்க மிலிட்டரின்னான்டா. அதுக்கே இன்னும் பத்து வருஷம் இருக்கலாம்னு தோணுச்சு." என் ஒற்றை வாக்கியத்துக்குள் இந்தப் பத்து வருஷம் அடங்க மறுக்கிறது.

போர் முழக்கத்துக்கு வருகிறேன். வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு. 'மதராஸி' வடக்கே நம்மைச் சிறுமைப்படுத்தும் சொல். அதையே 'வீர' சேர்த்துக் கத்துவது ஒருவகைப் பதிலடி என்று வாசிக்க ஆசைதான். ஆனால் பேர் வைத்தவன் வேறு, கத்துகிறவன் வேறு. மாநிலம் 1969இல் தமிழ்நாடு ஆனது, நகரம் 1996இல் சென்னை ஆனது, படைப்பிரிவு மட்டும் மதராஸாகவே இருக்கிறது. சிப்பாய்க்கு இன்னொரு பேர் 'தம்பி'. எங்கிருந்து வந்த அதிகாரியும் தெற்கத்திச் சிப்பாயைத் தம்பி என்பார். தம்பிக்குக் கடிதம் எழுதியே அண்ணா ஒரு கட்சியை வளர்த்த நாட்டில் இந்த உறவுச்சொல்லின் அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் சொன்னால் தம்பி கேட்க வேண்டும்.

1987 அக்டோபரில் அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரைத் தொடங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அங்கே இருந்தன. அடி, கொல்லு என்பதற்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லாத மக்கள். அந்த நவம்பர் 25இல் அங்கே இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்த தமிழர். அவர் இருந்தது மஹார் ரெஜிமென்ட்டில். கோரேகாவிலிருந்து கந்தரோடைக்கு இப்படியும் ஒரு கோடு போகிறது. 1990 மார்ச்சில் கடைசி அணி மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்கப் போக முதல்வர் கருணாநிதி மறுத்தார். அந்த மறுப்பு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். பெரியப்பாவிடம் சொன்னதில்லை.

யாழ்ப்பாணம் பற்றி அவர் பேசியது ஒரே முறை. ஒரு வீட்டைச் சோதனை போடப் போயிருக்கிறார்கள். உள்ளே ஒரு கிழவி மட்டும். "தம்பி, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். "ஆபீசர் தம்பின்னா ஓடணும், அது பழகிடுச்சு. அந்தம்மா தம்பின்னப்ப இன்னா பண்றதுன்னு தெர்லடா." அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் வேலூர்ச் சிப்பாய்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். தலைப்பாகை, சவுக்கடி, சுவர், எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டு, "எந்த பட்டாலியன்?" என்றார். சொன்னேன். எண்ணை அழித்ததையும் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி, வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோட்டை மைதானத்துலதான் எங்களுக்கு செலக்‌ஷன். எழுபத்தேழுல. ஒரு மைல் ஓடணும். கோட்டைச் சுவத்தைப் பாத்துக்கிட்டே ஓடுனேன். யாரும் இத்த சொல்லல."