விழாவின் ‘நாம்’: பிரடெரிக் டக்ளஸின் இரு உரைகள்

அடிமை முறை ஒழிந்த வரலாற்றைச் சட்டங்களின் வரிசையாகக் கூறுவது வழக்கம். அவ்வொழிப்பு எவ்வாறு விழாவாயிற்று, அவ்விழாவில் யார் யாரை நோக்கிப் பேசினர் என்பனவும் ஆய்வுக்குரியன. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பிச் சென்ற அமெரிக்கச் சொற்பொழிவாளர் பிரடெரிக் டக்ளஸின் இரண்டு உரைகளை இந்நோக்கில் மதிப்பிடுகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவை இம்மதிப்பீட்டிற்குத் துணைபுரிகின்றன.

1852ஆம் ஆண்டு உரை

முதல் உரை 1852 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் நிகழ்ந்தது. அமெரிக்கச் சுதந்திர நாளையொட்டி அவரை அழைத்தோர், அடிமை முறையை எதிர்த்த மகளிர் சங்கத்தினர். எனவே கேட்போர் பகைவர் அல்லர். அவர்களைச் சக குடிமக்கள் என விளித்து, நாட்டை நிறுவியோரைப் புகழ்ந்த பின்னரும், இவ்விழா உங்களுடையது, என்னுடையதன்று என்னும் கருத்தையே டக்ளஸ் நிலைநாட்டுகிறார். விளி இணைக்கிறது, முன்னிலைச் சொல் பிரிக்கிறது.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழோ கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. இவ்வுரையைத் தமிழாக்குவோர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். டக்ளஸ் எழுப்பும் வினாவும் அதுவே: விழாவின் ‘நாம்’ அடிமையையும் உளப்படுத்துமா?

1857ஆம் ஆண்டு உரை

1857 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் கானண்டைகுவாவில், மேற்கிந்தியத் தீவுகளின் விடுதலை விழாவில் டக்ளஸ் பேசினார். அமெரிக்காவில் அடிமை முறை நீடித்த காலம் அது. தம் நாட்டு விழாவை ஏற்காதவர் பிறநாட்டு விழாவைக் கொண்டாடுவது முரணாகத் தோன்றலாம். வெள்ளையரின் செயலைக் கறுப்பினத்தார் ஏன் கொண்டாட வேண்டும் எனக் கறுப்பினத்தார் ஒருவரே எழுப்பிய தடையை அவர் மறைக்கவில்லை. வில்பர்போர்ஸ் போன்றோரைப் போற்றியபின், கலகம் செய்த அடிமைகளுக்கும் அவ்விடுதலையில் பங்குண்டு என வாதிடுகிறார்.

வரலாறு இதற்குச் சான்று. 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் பெருங்கலகம் மூண்டது. 1832இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு ஈடாக எதையும் வழங்கவில்லை. 1834 ஆகஸ்ட் 1இல் சட்டம் நடப்புக்கு வந்தபோதும், ஜமைக்காவில் ஆறு வயது நிரம்பியோர் ‘தொழில் பயில்வோர்’ என்னும் பெயரில் பழைய உடைமையாளரிடமே உழைக்க நேர்ந்தது. அந்நிலை 1838 ஆகஸ்ட் 1இல்தான் முடிந்தது.

முடிவுரை

இரு உரைகளும் முரண்படவில்லை என்பதே நம் துணிபு. முன்னது அடிமையை உளப்படுத்தாத விழாவை மறுக்கிறது. பின்னது அவனது போராட்டத்தையும் விழாவிற்குரியதாக்குகிறது. பிறர் அளித்ததாக மட்டும் கருதப்படும் விடுதலை நன்றியுரையோடு முடிந்துவிடும். போராடிப் பெற்றதென உணரப்படும் விடுதலையோ எஞ்சியுள்ள கடமையையும் நினைவூட்டும்.

ஜமைக்கா 1962இல் சுதந்திரம் பெற்றபோது ஆகஸ்ட் 1 பொது விடுமுறையாக இருக்கும் தகுதியை இழந்தது. 1975இல் ஷார்ப் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். 1997இல் அவ்விடுமுறை மீட்கப்பட்டது. சட்டம் இயற்றியோரோடு தூக்குமரம் ஏறியவரையும் நினைக்கும்போதே, விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவ்விழாவில் ‘நாம்’ என உரிமையோடு கூற இயலும்.