நாள்விலைப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

நாட்டில் 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தொட்டன. புதிதாக வந்தவர்களில் பலருக்குப் பங்குச் சந்தையின் முதல் பாடம் விலை வரலாறுதான். ஒரு நிறுவனத்தின் நாள்விலைகளை இறக்கி, எக்செலில் போட்டு, ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, ‘இது நிதானமான பங்கு, இது ஆடுகிற பங்கு’ என்று பிரித்துவிடுகிறார்கள். ஆண்டறிக்கையைத் திறக்காமலே வாங்குவதும் விற்பதும் நடந்துவிடுகிறது. இந்த வழக்கம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று சோதிக்க மணலி நல்ல இடம்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலியில்தான் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். இன்று பொதுத்துறை இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். 2020 மார்ச்சில் இதன் பங்கு அறுபது ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2024 ஜூலையில் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. 2025 தொடக்கத்தில் ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டது.

இப்படி ஆடுவதைப் பார்த்து ‘சூதாட்டப் பங்கு’ என்று ஒதுக்குவது எளிது. அது தவறான முடிவு. ஆலையின் திறன் ஆண்டுக்கு 105 லட்சம் டன். பீப்பாய்க் கணக்கில் ஏழரைக் கோடிக்கு மேல். கச்சா எண்ணெயை வாங்கிப் பெட்ரோலாகவும் டீசலாகவும் மாற்றும்போது பீப்பாய்க்குக் கிடைக்கும் மார்ஜின் ஒரே ஒரு டாலர் கூடினால், டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்தாலே ஆண்டு லாபம் 600 கோடி ரூபாய்க்கு மேல் கூடும். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 14.89 கோடிதான். ஆக, பங்கொன்றுக்கு வரிக்கு முன் 40 ரூபாய்க்கு மேல். மார்ஜின் ஒரு டாலர் குறைந்தால் அதே அளவு போகும். அந்த மார்ஜினை மணலியில் யாரும் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூர்ச் சந்தை தீர்மானிக்கிறது. 2019-20இல் 2,000 கோடிக்கு மேல் நட்டம், 2022-23இல் 3,500 கோடிக்கு மேல் லாபம், 2024-25இல் மிகச் சிறிய லாபம் என்று கணக்கு புரண்டதற்கு இதுதான் அடிப்படை. நாள்விலையின் ஆட்டத்தில் பெரும்பகுதி வதந்தியால் வந்ததல்ல, தொழிலின் இயல்பிலேயே இருப்பது. அதை ஒளிக்காமல் காட்டுவது விலை வரலாற்றின் உண்மையான பலம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

அரசின் கை எவ்வளவு நீளம் என்பதையும் பட்டியல் காட்டும். 2022 ஜூலை 1 அன்று ஏற்றுமதியாகும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 6 ரூபாயும் வரி போட்டார்கள். எண்ணெய்ப் பங்குகள் அன்றே சரிந்தன. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி 6 சதவீத அளவுக்கு விழ, பொதுத்துறைப் பங்குகள் அதைவிட ஆழமாக விழுந்தன. அன்று எந்த ஆலையிலும் ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை.

ஆனால் கணக்கிடும் முறையில் கோளாறு இருக்கிறது. நாளுக்கு 3 சதவீதம் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஆண்டின் 252 வர்த்தக நாள்களின் வர்க்கமூலத்தால் பெருக்கி, ‘ஆண்டுக்கு 48 சதவீதம்’ என்று எழுதுகிறார்கள். இந்த எண் வரும் ஆண்டுக்கும் பொருந்த, ஆட்டத்தின் அளவு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உண்மையில் ஆட்டம் கூட்டமாக வரும், அமைதியும் அப்படித்தான். பருத்தி விலையை ஆராய்ந்த கணிதவியலாளர் மாண்டெல்பிராட் 1963இலேயே இதைச் சொன்னார். பொருளியலாளர் ராபர்ட் எங்கிள் 1982இல் இதற்குக் கணித வடிவம் தந்து, 2003இல் நோபல் பெற்றார். அமைதியான இரண்டு ஆண்டை அளந்தவருக்கு நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்த 2020 மார்ச் 23 நினைத்துப் பார்க்க முடியாத நாள். அதை உள்ளடக்கி அளந்தவருக்கோ எல்லா நாளும் பயங்கரம். அளவுகோல் ஒன்றுதான், எந்த ஆண்டுகளை எடுக்கிறோம் என்பதில் விடை மாறிவிடுகிறது. இதைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை நீட்டுகிற ஆலோசகரை நான் நம்பமாட்டேன்.

டிவிடெண்ட் விஷயத்தில் ஏமாறுகிறவர்களும் உண்டு. 2023-24க்கு இந்நிறுவனம் பங்கொன்றுக்கு 55 ரூபாய் தந்தது. பங்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருந்தபோது, உரிமை முடிந்த மறுநாள் அந்த அளவுக்கு விலை குறைவது இயல்பு. திருத்தாத பட்டியலில் அது சரிவாகப் பதிவாகும். உண்மையில் பணம் பங்குதாரரின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தோற்றப்பிழை கும்மிடிப்பூண்டிப் பக்கம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றியும் உள்ள உருக்கு, வார்ப்பட நிறுவனங்களில் சில பட்டியலிடப்பட்ட சிறு நிறுவனங்கள். இவ்வகைப் பங்குகளில் பல நாள்கள் சில நூறு பங்குகூடக் கைமாறாது. விலை அசையாததால் ஏற்ற இறக்கம் குறைவு என்று எக்செல் சொல்லும். விற்கப் போனால்தான் வாங்க ஆள் இல்லை என்பது தெரியும். நாள்விலைக்குப் பக்கத்தில் வர்த்தகமான எண்ணிக்கையைப் பார்க்காமல் ‘நிதானமான பங்கு’ என்று சொல்வதே பொய்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகப் படுவது வேறு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிக் கிடந்தது. மூன்று மாநிலத் தேர்தல் முடிவின் உற்சாகத்தில் அன்று நிஃப்டி 2 சதவீதம் ஏறிப் புதிய உச்சத்தில் முடிந்தது. அதே வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. காட்டுக்குப்பத்து மீனவர்களின் படகும் வலையும் தாரில் தோய்ந்தன. அலையாத்திச் செடிகளின் அடிமரம் கறுத்தது. சென்னை பெட்ரோலியம் வளாகத்திலிருந்தே எண்ணெய் மழைநீரோடு போனதாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. குழாய்க் கசிவு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இவ்வளவும் நடந்த பின், அடுத்த ஆண்டின் நடுவில் பங்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆற்றின் சேதம் யாருடைய லாபக் கணக்கிலும் கழிக்கப்படாதவரை விலைக்கு அது தெரியப்போவதில்லை. ‘எல்லாச் செய்தியும் விலையில் அடங்கிவிட்டது’ என்ற வாதத்தைக் காட்டுக்குப்பத்தில் நின்று யாரும் சொல்ல முடியாது.

எனவே விலை வரலாற்றை எவ்வளவு பணம் போடலாம் என்ற கேள்விக்கு மட்டும் நான் பயன்படுத்துவேன். அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு இந்தப் பங்கில் இடமில்லை என்று பட்டியல் ஒன்றே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பத்து ஆண்டு தொடத் தேவையில்லாத பணம் என்றால் வேறு தாள்களைத் திறக்க வேண்டும்: சிங்கப்பூர் மார்ஜினின் போக்கு, தீர்ப்பாய ஆணைகள், நாகப்பட்டினத்தில் 90 லட்சம் டன் திறனில் திட்டமிட்ட புதிய ஆலைக்கு யார் எவ்வளவு பணம் போடப்போகிறார்கள் என்ற விவரம்.