சுழியும் சூழ்ச்சியும்

அசல் வலம்புரிச் சங்கை அறிவது எப்படி என்று கேட்டு, 64 பக்கங்களிலே விடையும் கூறுகிறது ஒரு சிறு நூல். கோயில் வாயிற் கடைகளிலே, குங்குமப் பொட்டலத்துக்கும் கறுப்புக் கயிற்றுக்கும் நடுவே தொங்குகிறது. அதன் பெயரை ஈண்டு எழுதி, அதற்கு விளம்பரம் தேடித் தரும் எண்ணம் எமக்கில்லை. பெயர் வேறாகவும் பேச்சு ஒன்றாகவும் இத்தகைய ஏடுகள் பல உலவுகின்றன. ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை. இந்த ஏடு எம் கைக்கு வந்த வகையைப் பின்னர்க் கூறுவோம்.

"நாட்டிலே போலிகள் மலிந்துவிட்டன! பக்தர்களே, ஏமாறாதீர்!" என்று தொடங்குகிறார் ஆசிரியர். ஆகா, பகுத்தறிவாளர் பேசவேண்டிய பேச்சல்லவா இது என்று வியந்து பக்கத்தைப் புரட்டினோம். புரட்டப் புரட்டப் புரட்டு!

சோதனைகள் சில சொல்கிறார். பாலிலே இட்டால் அசற்சங்கு பாலைத் திரியவிடாதாம். அரிசிக் குவியலின்மீது வைத்தால் இரவோடிரவாகத் தானே திரும்பி வடக்கு நோக்குமாம். இவ்விரண்டையும் மறுக்க ஒருவரியும் செலவிட வேண்டியதில்லை. ஆழாக்குப் பாலும் ஒரு படி அரிசியும் உள்ளவர்கள் தாமே பார்த்துக் கொள்ளலாம். மூன்றாவதாக, காதிலே வைத்தால் ஓங்காரம் கேட்குமாம். கேட்கிறது, மறுக்கவில்லை! காலிச் செம்பைக் காதிலே வைத்தாலும் கேட்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் சலசலப்பும் தெருவின் இரைச்சலும் உட்குழிவிலே புகுந்து, அக்குழிவின் அளவுக்கு ஏற்ற ஓசைகள் மட்டும் ஓங்கி ஒலிக்கின்றன. ஓசை புகாத அறையிலே அதே சங்கை வைத்துக் கேளுங்கள், ஓங்காரம் ஊமையாகிவிடும்.

எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்பது நான்காவது. சங்கின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பு பட்டால் நுரைக்கும். கிளிஞ்சலும் நுரைக்கும், சலவைக்கல் தூளை அச்சிலே வார்த்த பொய்ச்சங்கும் நுரைக்கும். பிளாஸ்டிக்கைப் பிடிக்கலாம் இச்சோதனையால்; வேறெதையும் பிடிக்க இயலாது.

ஐந்தாவதாகக் கூறுவது மட்டும் மெய். ஆசிரியர் அதனை அறிவியலாரிடமிருந்து இரவல் வாங்கியிருக்கிறார். சங்கின் வாய்க்குள்ளே பார்த்தால் நடுத்தூண் ஒன்று தெரியும். மன்னார் வளைகுடாவிலே கிடைக்கும் நம் சங்கானால், அத்தூணிலே மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரப்புப்போல் எழுந்து சுற்றிச் செல்லும். விரலை விட்டாலே தட்டுப்படும். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் உள்ளே உச்சிவரை தெரியும். கடைகளிலே வலம்புரி என்று விற்கப்படும் வேறொரு சங்கிலோ இம்மடிப்புகள் இரா. தூண் வழவழவென்றிருக்கும். அது அமெரிக்காவின் பிளாரிடா, டெக்சாஸ் கரையோரக் கடல்களிலே வாழும் இனம். மேலே மின்னற்கீற்றுப் போன்ற பழுப்புக் கோடுகள், தோளிலே முண்டுகள். கோட்டையும் முண்டையும் தேய்த்து வெண்மையாக்கி இங்கே விற்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் தன் மாநிலச் சங்காக அறிவித்ததும் இதைத்தான்.

ஆக, இன்ன இனம் என்று கண்டுபிடிக்க வழியுண்டு, அது உயிரியல். "புனிதம்" என்பதைக் கண்டுபிடிக்க வழி எங்கே? அங்கேதான் ஆசிரியர் மடிப்பைக் காட்டி மயக்குகிறார்.

நம் கடலிலே சாதாரணமாகக் கிடைக்கும் சங்குகளெல்லாம் இடம்புரி. மணலிலே புழுக்களைத் தின்று வாழும் பிராணி அது. பழுப்புத் தோலை உரித்துத் தேய்த்த பின்னரே வெண்மை. இலட்சக்கணக்கிலே எடுத்தால் எங்கோ ஒன்று சுழி மாறிப் பிறந்திருக்கும். அதற்குப் பெயர் வலம்புரி. அமெரிக்கச் சங்கினத்திலோ ஏறத்தாழ அத்தனையும் வலம்புரியே! இப்போது ஆசிரியரைக் கேட்கிறோம்: புனிதம் சுழியிலே இருக்கிறதா, இனத்திலே இருக்கிறதா? சுழியிலே என்றால், அமெரிக்கச் சங்குக்கும் அதே சுழிதானே, அதை ஏன் போலி என்கிறீர்? இனத்திலே என்றால், கூடை கூடையாகக் கிடைக்கும் இடம்புரியும் அதே இனந்தானே, அதை ஏன் பூசை அறையிலே ஏற்ற மறுக்கிறீர்? இரண்டும் சேர்ந்தாற்றான் புனிதம் என்பாராயின், மிஞ்சுவது ஒன்றே. கிடைப்பது அரிது, ஆகவே விலை பெரிது. அருமைக்கு அருள் என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அமெரிக்கப் பழங்குடியினர் இந்தச் "சுழி மாறிய" சங்கைக் குடைந்து கோப்பையாக்கிச் சடங்குப் பானம் அருந்தினார்கள். மாண்டாரைப் புதைத்த மேடுகளிலும் வைத்தார்கள். அங்கே அது தெய்விகம், இங்கே அது போலி! இன்னொன்று: வலம், இடம் என்பதே நாம் பிடிக்கும் பிடியைப் பொறுத்தது. சங்கின் குறுகிய வால்முனையை மேலாகப் பிடித்து வாயைப் பார்க்கிறது நம் மரபு; சுருண்ட உச்சியை மேலாகப் பிடித்துப் பார்க்கிறார்கள் விலங்கியலார். ஆதலால், நாம் இடம்புரி என்பது அவர்கள் ஏட்டிலே வலச்சுழி. நாம் வலம்புரி என்பது இடச்சுழி. தலைகீழாகத் திருப்பியதும் திருமகளின் இருப்பிடம் மாறிவிடுகிறதே!

இதற்கு ஆதாரமாகப் பழைய கணக்கொன்றையும் அவிழ்க்கிறார் ஆசிரியர். ஆயிரம் சிப்பிக்கு நடுவே ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரிக்கு நடுவே ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிக்கு ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலத்துக்கு ஒரு பாஞ்சசன்யம். பெருக்கிப் பார்த்தோம். பகவான் கையிலுள்ள ஒரு சங்குக்குச் சிப்பிப் படை ஓர் இலட்சம் கோடி! எண்ணியவர் எவரோ, அவருக்கு மூச்சடக்கும் திறன் மிகுதி.

சுழி ஏன் மாறுகிறது? குளத்து நத்தையொன்றை ஆராய்ந்தவர்கள் 1923-இலேயே இதற்கு விடை கூறினர். ஓடு எத்திசையில் சுழல்வது என்பதை முடிவு செய்வது குஞ்சின் மரபணு அன்று, தாயின் மரபணு என்று கண்டனர். 2016-இல் வேறொரு குளத்து நத்தையினத்திலே அதற்குரிய மரபணுவையே சுட்டிக் காட்டினர். பிறப்பிலே நேர்ந்த ஒரு திருப்பம், அவ்வளவே. ஒரே கடல், ஒரே மணல், ஒரே இரை. ஆயினும் ஒன்று பீடத்திலே, மற்றொன்று அரத்தடியிலே! பிறந்த வகையைக் காட்டி ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதா, தோழர்களே? மனிதரிடத்திலே பழகிய கை, சங்கினிடத்திலும் சும்மா இருக்குமா!

சங்கைப் பற்றி 64 பக்கம் எழுதியவருக்கு, சங்கெடுத்த மனிதனைப் பற்றி எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. எமக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது இதுவே. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சையடக்கி மூழ்கிய தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் எங்கே? இன்று குழாய்வழிக் காற்றை உறிஞ்சி ஆழத்தில் இறங்கி, ஏறும்போது மூட்டு முடங்கி வீழ்கிறவர்கள் எங்கே? சென்னை மாகாண மீன்துறையிலே பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல், வெள்ளைக்காரர், 1914-இல் இந்தச் சங்கைப் பற்றி எழுதிய நூலிலே சங்கு குளிப்பையும், நம் கடற்சங்கு வங்கம் சென்று வளையலாகும் தொழிலையும் விரித்துரைத்தார். உள்ளூர்ப் பக்தருக்கு அந்தக் கண் இல்லை.

கொற்கையிலே சங்கறுத்தனர் நம் முன்னோர். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கறுத்து வளை செய்த செய்தி அகநானூற்றிலே இருக்கிறது. யாகப்புகையை விட்டு உழைப்புக்கு வந்தவன் என்பதால் அவனிடம் நமக்கு ஒரு பரிவும் உண்டு! சிவனையே எதிர்த்து வழக்காடியதாகக் கதை கூறும் நக்கீரரைச் சங்கறுக்கும் மரபினர் என்றே அக்கதை கூறுகிறது. பிறப்பைச் சொல்லி இழித்தபோது, உழைத்து உண்பது இரந்து உண்பதினும் மேல் என்று விடையிறுத்தாராம் அவர். குழந்தைக்குப் பால் புகட்டியது சங்கு. பிணத்தின் முன்னே ஊதியது சங்கு. ஆலை வாயிலிலே தொழிலாளியை அழைக்கும் ஓசைக்கும் தமிழன் சங்கு என்றே பெயரிட்டான். புரட்சிக்கவிஞர் தமிழ் முழங்கச் சங்கைத்தான் அழைத்தார், வலம்புரியா இடம்புரியா என்று அவர் கேட்டதில்லை.

நூலின் பிற்பகுதி வேடிக்கையன்று. சங்கிலே ஓரிரவு வைத்த நீரைக் குடித்தால் மலடு நீங்குமாம், நீரிழிவு தீருமாம். இந்நோய்களுக்கு மந்திரம், தாயத்து முதலியவற்றால் தீர்வுண்டு என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இலேயே நடுவண் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு நோயும் அதன் பட்டியலிலே உள்ளன. ஊசியும் மாத்திரையும் விட்டு ஒருத்தி இந்த நீரை நம்பினால், அவள் சாவுக்கு ஊதப்படும் சங்கு எந்தச் சுழியாக இருந்தால் என்ன?

நூல் எம் கைக்கு வந்த கதை இது. எங்கள் தெருவிலே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வாணிகம் நொடித்த நாளிலே, மகளுக்கென்று சேர்த்த பணத்தில் 40,000 ரூபாய் கொடுத்து ஒரு வலம்புரி வாங்கினார். ஓராண்டாகியும் கடை நிமிரவில்லை. ஒருநாள் எம்மை அழைத்து, "தம்பி, நீங்கள் படித்தவர், இது அசல்தானா பாருங்கள்" என்றார். வாய்க்குள் விரலை விட்டோம், மடிப்பு இல்லை. "அண்ணாச்சி, இது போலி. அமெரிக்கச் சங்கு" என்றோம். மூடநம்பிக்கையை முறியடித்துவிட்ட மிடுக்கோடு வீடு திரும்பினோம்.

என்ன மடமை எம்முடையது! சங்கு போலி என்றோமே தவிர, சங்கால் செல்வம் வரும் என்பது பொய் என்று சொன்னோமா? கடை நிமிராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது அவருக்கு. சங்கின்மீது பழி இல்லை, பழியெல்லாம் போலியின்மீது! கூட்டந்தோறும் மேடையேறிப் போலிச் சாமியாரை மட்டும் தோலுரித்துவிட்டுக் கைதட்டல் பெறும் நம் இளந்தோழர்களும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். கேட்டவர் மறுநாளே நல்ல சாமியாரைத் தேடிப் புறப்படுகிறார்.

அண்ணாச்சியும் புறப்பட்டார். இரண்டு திங்கள் கழித்து, முகமெல்லாம் மகிழ்ச்சியாக, புதிய சங்கொன்றையும் அதனோடு வந்த இந்த நூலையும் எம்மிடம் நீட்டினார். "மூன்று மடிப்பு, தம்பி, விரலை விட்டுப் பாருங்கள்!" கடையிலே துவரம்பருப்பு மூட்டை இருந்த இடம் வெறுமையாயிருந்தது. எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டோம்; சொல்லவில்லை. நூலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். அளவு வாரியாக விலைப்பட்டியல், கைப்பேசி எண், அதன் கீழே பெரிய எழுத்திலே: "அசல் கிடைக்குமிடம் இஃதொன்றே. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்."