திருந்தாமலே நல்லவனானவன்

கூர்ந்து மேலேறும் காதுகள், நெற்றி நடுவில் கத்திமுனைபோல் இறங்கும் கருமுடி, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. 1965 ஜூன் 26 தேதியிட்ட 'லயன்' வார இதழில் ஸ்பைடர் முதன்முதலாகத் தலைகாட்டியபோது பிரிட்டனின் சிறுவர் இதழ்களில் வில்லன்களுக்குப் பஞ்சமில்லை. 'ஈகிள்' இதழில் டான் டேரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த மீகானைத் தெரியாத பையன் அங்கே கிடையாது. ஆனால் மீகான் இன்னொருவன் கதையில் வந்துபோகிற வில்லன். ஸ்பைடர் தொடரிலோ தலைப்பே வில்லனுடையது. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று கிளம்புகிறான். பூட்டுடைப்பதில் மன்னனான ராய் ஆர்டினியையும், கண்டுபிடிப்புகளைச் செய்துதரப் பேராசிரியர் பெல்ஹாமையும் சேர்த்துக்கொள்கிறான். துப்பறிவாளர்கள் கில்மோரும் டிராஸ்கும் அவனைத் துரத்துகிறார்கள்.

முதல் இரண்டு கதைகளை எழுதியவர் டெட் கோவன். அதன்பின் பேனாவை வாங்கியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்ட அதே அமெரிக்கர். அந்நாளைய பிரிட்டிஷ் வார இதழ்கள் பெரும்பாலும் எழுதியவர் பெயரை அச்சிடுவதில்லை. ஆகவே அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து யார் எழுதி அனுப்புகிறார் என்பது லண்டன் பையன்களுக்குத் தெரியாது. சீகல் கையில் ஸ்பைடர் கொஞ்ச நாளில் கட்சி மாறினான். கொள்ளையடித்தவன் கொள்ளைக்காரர்களை அடிக்கத் தொடங்கினான்.

அருமையான வில்லனைச் சூப்பர் ஹீரோவாக்கிக் கெடுத்துவிட்டார் என்று சீகல்மீது ஒரு பழி உண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அதற்குச் சான்றாக இத்தாலியின் டயபாலிக்கைக் காட்டலாம். 1962இல் ஜியுசானி சகோதரிகள் தொடங்கிய அந்தத் திருடன் இன்றுவரை திருந்தவில்லை, இன்றுவரை விற்கிறான். ஆனால் இந்த ஒப்பீடு சற்று ஏமாற்றுகிறது. டயபாலிக் பெரியவர்களுக்கான புத்தகம். ஓர் இதழுக்கு ஒரு முழுக்கதை. களவு, துரத்தல், தப்பித்தல் என்று கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். 'லயன்' வாரத்துக்குச் சில பக்கங்கள் தருகிற பள்ளிப் பிள்ளைகளின் தாள். அங்கே குற்றம் வெல்லவும் கூடாது, குற்றவாளி பிடிபடவும் கூடாது. பிடிபட்டால் தொடர் முடிந்துபோகும். இந்த முடிச்சிலிருந்து வெளியே வர ஒரே வழிதான்: அவனைவிட மோசமான ஒருவனைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவது.

அந்த வழியைத் திறந்தவர் சீகல் அல்ல, கோவன். அவருடைய இரண்டாவது கதையிலேயே, இல்லாததை இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் மிரர் மேன் வந்துவிடுகிறான். கள்ளனுக்கு எதிரி கள்ளன் என்று ஆன அன்றே வாசகன் யார் பக்கம் என்பதும் முடிவாகிவிட்டது. சீகல் செய்ததெல்லாம் கோவன் சாய்த்துவைத்த சரிவில் வண்டியை உருட்டிவிட்டதுதான். கதைக்குள்ளும் அவன் மனம் மாறி அழவில்லை. குற்றம் சலித்துவிட்டது, குற்றவாளிகளை வீழ்த்துவதுதான் இப்போது பெரிய சவால், அவ்வளவே. அதே இறுமாப்பு, அதே தற்பெருமை, உதவியாளர்களை நாயாய் விரட்டும் அதே குரல். இதைத் திருந்தல் என்று யார் சொல்வது? அறத்தைப் போதிக்காமல் ஒருவனை நல்லது செய்யவைத்தார் சீகல். சிறுவர் இதழில் அது சின்ன சாகசமல்ல.

ஆகவே கட்சி மாறியது குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கோவனின் ஸ்பைடர் மாட்டிக்கொள்ளக்கூடியவன். வாரக் கடைசிச் சட்டத்தில் நமக்கு வயிறு கலங்கும். சீகலின் ஸ்பைடருக்கு எந்த இக்கட்டிலும் கையில் ஒரு கருவி உண்டு. வலைத் துப்பாக்கி போதாவிட்டால் மயக்க வாயு, அதுவும் போதாவிட்டால் முதுகில் ஜெட். அவன் வீங்க வீங்க எதிரிகளையும் ஊத வேண்டியிருந்தது: எக்ஸ்டெர்மினேட்டர், ஆண்ட்ராய்ட் எம்பரர், பூதத்தையே குற்றத்துக்கு இழுத்த க்ரைம் ஜீனி. ஒருவனைப் பார்த்ததும் அடுத்தவன் இன்னும் பெரிதாக வருவான் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் பயம் ஏது?

கதை இப்படி உப்பிக்கொண்டே போனபோதும் தொடரைத் தரையில் பிடித்துவைத்தவர் ஓவியர் ரெக் பன். முன்பு ராபின் ஹுட் வரைந்த கை அது. ஏழைக்குக் கொடுத்த திருடனிலிருந்து யாருக்கும் கொடுக்காத திருடனுக்கு வந்திருந்தது. பேனாக்கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி அவர் போட்ட நிழல், சீகலின் மிகச் சிறுபிள்ளைத்தனமான பக்கத்திலும் கோவனின் இருட்டைக் காப்பாற்றியது. வசனம் நல்லவன் என்கிறது. படம் நம்ப மறுக்கிறது.

1969இல் 'லயனி'ல் தொடர் நின்றது. 1975இல் 'வல்கன்' இதழ் அதை மறுபதிப்பாகத் தூசி தட்டியது. அந்த இதழும் மறு ஆண்டே நின்றது. பிறகு வந்தது உரிமைச் சிக்கல். 1987இல், ஸ்பைடரின் உரிமையை வைத்திருந்த ஐபிசி நிறுவனம் தன் சித்திரக்கதைப் பிரிவைப் பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல்லுக்கு விற்றபோது 1970க்கு முந்தைய பாத்திரங்களை, டான் டேர் போன்ற சிலர் நீங்கலாக, தன்னிடமே வைத்துக்கொண்டது. சித்திரக்கதை போடுகிறவர்களிடம் ஸ்பைடர் இல்லை. ஸ்பைடரை வைத்திருந்தவர்கள் சித்திரக்கதை போடுவதில்லை. 2018இல் ரெபெல்லியன் நிறுவனம் உரிமையை வாங்கும்வரை பெரும்பாலும் இதே நிலைதான். இடையே 2005இல் டைட்டன் பதிப்பகம் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது; அதே ஆண்டு தொடங்கிய 'ஆல்பியன்' சித்திரக்கதைத் தொடர் அவனைப் பழைய பிரிட்டிஷ் பாத்திரங்களோடு சிறையில் அடைத்துக் காட்டியது.

1984இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த ஸ்பைடருக்குக் கூர்மண்டையன் என்று பெயர் விழுந்தது. நீதியின் பக்கம் நின்று அடிக்கிற கதைகளைப் படித்துக்கொண்டே அவனைக் குற்றச் சக்கரவர்த்தி என்று அழைத்தோம். அந்த முரண் யாருக்கும் உறுத்தவில்லை. பன் வரைந்த முகத்துக்கு அந்தப் பட்டம்தான் பொருந்தியது.

2021இல் ரெபெல்லியன் கொண்டுவந்த தொகுப்பில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் ஒளிவுமறைவில்லாமல் அச்சாகியிருக்கின்றன. வாங்குபவர் கோவன் எழுதியவற்றை வார்த்தை வார்த்தையாகப் படிக்கலாம். சீகல் பகுதிக்கு வந்ததும் பலூன்களைத் தாண்டி நிழல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.