வில்லைக் கைவிடாதவர்

ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவரைப் பலரும் கவனிப்பதில்லை. ஆளுயரத்தை மிஞ்சிய வாத்தியம்தான். ஆனாலும் அது நின்றுபோனால்தான் அதுவரை ஒலித்துக்கொண்டிருந்தது தெரியும்.

அமெரிக்காவில் இந்த வாத்தியத்தில் பெயரெடுத்த கறுப்பினக் கலைஞர்களின் வாழ்க்கையை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. பலர் பேஸைத் தேடி வந்தவர்கள் அல்லர், வேறு வாத்தியத்திலிருந்து தள்ளப்பட்டு வந்தவர்கள். 1910இல் பிறந்த மில்ட் ஹிண்டன் கற்றது வயலின். பேசும்படம் வந்து மௌனப்படக் கொட்டகைகளில் வாசிக்கும் வேலை ஒழிந்ததும் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சார்லஸ் மிங்கஸ் செல்லோ வாசித்த சிறுவன். கறுப்பனுக்குச் செவ்வியல் மேடையில் இடமில்லை, பேஸுக்கு மாறு என்று சொன்னவர் நண்பர் படி கொலெட். ரான் கார்ட்டரும் டெட்ராய்ட் பள்ளி நாட்களில் அதே காரணத்தால் செல்லோவை விட்டவர். பேஸுக்கு மாறிய பின்னும் அந்தப் பாகுபாடு அவரை விடவில்லை: ஹூஸ்டன் சிம்பொனி கறுப்பின வாத்தியக்காரரை ஏற்காது என்று நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியே அவரிடம் சொல்லிவிட்டார். 2015 கணக்குப்படி 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்து கின்னஸில் இடம்பெற்றவர் இந்தக் கார்ட்டர். ‘செவ்வியலின் நட்டம் ஜாஸின் லாபம்’ என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. கதவைச் சாத்தியவர்களுக்கு அது வசதியான சமாதானம்.

ரிச்சர்ட் டேவிஸ் இந்த வரிசையில் சற்று விலகி நிற்கிறார். 1930இல் சிகாகோவில் பிறந்தவர். கூச்ச சுபாவம், பின்னால் மறைந்து நிற்கலாம் என்றே பேஸை எடுத்தாராம். பள்ளியில் கண்டிப்புக்குப் பெயர்போன கேப்டன் வால்டர் டயட்டிடம் படித்தார். சிகாகோ சிம்பொனியின் ருடால்ஃப் ஃபாஸ்பெண்டரிடம் வில் பிடிக்கக் கற்றார். பின்னர் ஸ்ட்ராவின்ஸ்கி, பெர்ன்ஸ்டைன் நடத்திய இசைக்குழுக்களிலும் வாசித்தார், வேன் மாரிசனின் ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ (1968) தட்டிலும் வாசித்தார். ஜாஸில் பெரும்பாலோர் விரலால் மீட்டுவதோடு நிறுத்திக்கொள்ள, இவர் வில்லைக் கீழே வைக்கவில்லை.

நியூயார்க்கில் ஒலிப்பதிவு வேலை குவிந்துகிடந்த காலத்தில், 1977இல், அதை விட்டு மேடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். 2016 வரை அங்கேதான். செவ்வியல் பேஸ், ஜாஸ் பேஸ் இரண்டையும் கற்பித்தார். 1993இல் இளம் பேஸ் மாணவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வகுப்புக்கு வெளியே, மேடிசனில் இனவெறியைப் பற்றி மனிதர்கள் உட்கார்ந்து பேச ஓர் அமைப்பையும் நடத்தினார். இசை வேறு, அது வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

கற்பிக்க வந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். ஹிண்டனும் கார்ட்டரும் நியூயார்க் கல்லூரிகளில் பாடம் எடுத்தார்கள். ரூஃபஸ் ரீட் 1974இல் வெளியிட்ட ‘தி இவால்விங் பேஸிஸ்ட்’ பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. சார்லி ஹேடன் 1982இல் கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் தி ஆர்ட்ஸில் ஜாஸ் பிரிவைத் தொடங்கினார். ஆனால் ஓய்ந்த பிறகல்ல, உச்சத்தில் இருக்கும்போதே ஊரை விட்டுப் போய், 39 ஆண்டுகள் ஒரே இடத்தில் ஊன்றிக் கற்பித்தார் என்பதால் நான் டேவிஸையே முதலில் வைப்பேன்.

2023 செப்டம்பரில், 93 வயதில் அவர் காலமானார். அவர் வாசிப்பைக் கேட்டிராதவர்கள் எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லன்ச்’ (1964) தட்டில் ‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’ பகுதியைப் போட்டுக் கேளுங்கள். டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டோடு ஒரே மெட்டில் இழைந்து வருவது டேவிஸின் வில்.