மைக்கில் கத்தினால் கேட்குமா?

குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் பேச்சு பெரும்பாலும் வி.எச்.எஃப். செட்டில்தான். இலங்கையின் வாழைச்சேனை, நீர்கொழும்பு பலநாள் கலங்களில் கரையோடு பேச எஸ்.எஸ்.பி. ரேடியோ. குரல் எட்டவில்லை என்றால் இரு பக்கத்தாரும் செய்வது ஒன்றே: கத்துவார்கள்.

வி.எச்.எஃப்.பில் அது வீண். அது இயங்கும் எஃப்.எம். முறையில், நாம் எவ்வளவு உரக்கப் பேசுகிறோமோ அந்த அளவுக்கு அலைவெண் விலகும். அதற்கு உச்சவரம்பு 5 கிலோஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் செட்டுக்குள் இருக்கும் லிமிட்டர் நறுக்கிவிடும். மெய்யெழுத்துகள் மழுங்கி, ஏழா எட்டா என்று திரும்பக் கேட்க வேண்டியதாகும். 1 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு ஏற்றினாலும் இரைச்சல் குறையுமே ஒழிய, மெல்லப் பேசிய குரல் பெரிதாகாது. பலர் இதை நம்பவே மாட்டார்கள். தூத்தூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமும் அல்ல. வி.எச்.எஃப். எட்டும் தூரம் குறைவு. தூரத்துப் படகுக்குச் சேதி போக வேண்டுமானால் இடையில் உள்ள படகுகள் வாங்கிச் சொல்ல வேண்டும். 2017 ஒக்கிப் புயலின்போது அந்தக் குறை நன்றாகவே தெரிந்தது. வாய்மாறும் சேதியில் முதல் மைக்கிலேயே இடத்தைச் சொல்லும் எண் மழுங்கினால், கடைசிப் படகுக்கு வேறு இடம்தான் போய்ச் சேரும்.

எஸ்.எஸ்.பி. கதை வேறு. அதில் பேசாதபோது வெளியே போகும் சக்தி அநேகமாகப் பூச்சியம். குரல் ஏற ஏற வாட்டும் ஏறும். ஆகவே இலங்கை ஸ்கிப்பர் குரலை உயர்த்துவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மைக் கெயினையும் சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அப்புறம் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் டீசல் எஞ்சின்தான் ஒலிபரப்பாகும்; மிஞ்சிய சத்தம் பக்கத்து அலைவரிசையிலும் வழியும். கேட்பவர் பக்கமும் தப்பு இருக்கலாம்: அலைவெண்ணை நுணுக்கமாகச் சரிசெய்யும் கிளாரிஃபையர் குமிழ் சற்று விலகியிருந்தால் குரல் வாத்துபோல ஒலிக்கும். பழி மட்டும் பேசியவர் தலையில்.

மருந்து இரு கரைக்கும் பொது. மைக்கை வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, எதிரில் இருப்பவரிடம் பேசும் குரலில் நிதானமாகப் பேச வேண்டும். எஞ்சினுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நின்றால், மைக்கின் வாய் எஞ்சினைப் பாராது. மைக்கின் துளைகளில் உப்பு படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது; அது அடைத்திருக்கும்போது கெயினைத் திருகுவதால் எஞ்சின் சத்தம்தான் கூடும்.